குருதி உண்போரும் குருதி சிந்துவிப்போரும்: டான்யா ஹஃப்பின் ‘ஸ்மோக் அண்ட் ஷாடோஸ்’ நாவலைத் தமிழ் மரபின் வழி வாசித்தல்

1. முன்னுரை

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வாம்பயராக நடிக்கும் நடிகர். அத்தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் கடைநிலை ஊழியனாகப் பணிபுரியும் இளைஞன். அவ்விளைஞனுக்கு நெருக்கமான, உண்மையிலேயே வாம்பயராகிய ஒருவன். இம்மூவரையும் ஒரே கதைக்குள் நிறுத்துகிறது கனடிய எழுத்தாளர் டான்யா ஹஃப் 2004இல் வெளியிட்ட ‘ஸ்மோக் அண்ட் ஷாடோஸ்’ (புகையும் நிழல்களும்) என்னும் ஆங்கில நாவல். இதனைத் தொடர்ந்து 2005இலும் 2006இலும் மேலும் இரு நாவல்கள் வெளிவந்தன. பொழுதுபோக்கு இலக்கியம் என்னும் வகைப்பாட்டுக்குள் அடங்கும் இந்நாவலைத் தமிழியல் மாநாடொன்றில் எடுத்துப் பேசுவதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, ரொறன்ரோவில் வளரும் தமிழ் இளையோர் நூலகங்களில் எடுத்துப் படிக்கும் நூல்வகை இது. அவர்கள் வீட்டு வரவேற்பறையிலோ தமிழ்த் தொடர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது, குருதி உண்ணும் உயிர்கள் பற்றித் தமிழ் மரபு நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்துகள், இந்நாவலின் மையச் சிக்கலை அது எழுதப்பட்ட மொழியின் வாம்பயர் மரபைக் காட்டிலும் தெளிவாகக் காட்ட வல்லவை.

குருதியை உண்பவர் வேறு, குருதியைச் சிந்துவிப்பவர் வேறு என்னும் வேறுபாடே இந்நாவலின் அடிப்படை என்பதும், அவ்வேறுபாட்டைத் தொலைக்காட்சித் தொழிலுக்குள் கொண்டுவந்த ஆசிரியர் அதன் இறுதி விளைவைச் சொல்லாமல் விலகிச் செல்கிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. தொடரும் வாம்பயரும்: கனடியப் பின்னணி

பகல்நேரத் தொலைக்காட்சித் தொடருக்குள் வாம்பயர் நுழைந்தது அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1966 முதல் 1971 வரை ஒளிபரப்பிய ‘டார்க் ஷாடோஸ்’ தொடரிலாகும். குடும்பத் துயரும் மர்மமும் கலந்த தொடராகத் தொடங்கிய அதில், 1967இல் பர்னபாஸ் கொலின்ஸ் என்னும் வாம்பயர் பாத்திரம் சேர்க்கப்பட்டது. அப்பாத்திரத்தை ஏற்ற ஜொனதன் ஃபிரிட் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ரன் நகரில் பிறந்தவர். வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பாக வேண்டிய அத்தொடருக்கு ஒரு காட்சியைத் திரும்ப எடுக்க நேரமோ பணமோ இருக்கவில்லை. ஆகவே வசனம் மறந்து தடுமாறும் நடிகர்களும், சட்டகத்துக்குள் தவறி நுழைந்த ஒலிவாங்கியின் நிழலும் அப்படியே ஒளிபரப்பாயின. அத்தொடரின் பெயரில் உள்ள நிழல்கள் கதைக்குரியவை. திரையில் தவறி விழுந்த நிழல்களோ அதனை உருவாக்கியோரின் உழைப்புக்குரியவை.

1992 முதல் 1996 வரை வெளிவந்த ‘ஃபாரெவர் நைட்’ தொடர் ரொறன்ரோவில் படமாக்கப்பட்டு ரொறன்ரோவையே கதைக்களமாகக் கொண்டது. அதன் நாயகன் இரவுப் பணியில் உள்ள காவல்துறைத் துப்பறிவாளன். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த வாம்பயர். மீண்டும் மனிதனாக விரும்புபவன்.

ஹஃப் இச்சூழலில் உருவானவர். ரொறன்ரோவின் ரையர்சன் கல்விநிலையத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கலைகள் பயின்றவர். 1984 முதல் 1992 வரை இந்நகரின் பாக்கா என்னும் அறிபுனை, மிகுபுனை நூல்களுக்கான கடையில் பணியாற்றியவர். ‘பிளட் பிரைஸ்’ (1991) தொடங்கி 1997 வரை அவர் எழுதிய ஐந்து வாம்பயர் நாவல்களில் சில ரொறன்ரோவின் தெருக்களில் நிகழ்பவை. அவற்றின் வாம்பயரான ஹென்றி ஃபிட்ஸ்ராய், இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னரின் திருமணத்துக்குப் புறம்பான மகன். இன்றைய காலத்தில் பெண் புனைபெயரில் வரலாற்றுக் காதல் நாவல்கள் எழுதிப் பிழைப்பவன். ‘ஸ்மோக் அண்ட் ஷாடோஸ்’ நாவலின் நாயகன் டோனி ஃபாஸ்டர் இவ்வரிசையிலேயே ரொறன்ரோவின் தெருவோரச் சிறுவனாக அறிமுகமானவன். ஹென்றியுடன் மேற்குக்கரைக்குச் சென்று, வன்கூவரில் ‘டார்க்கஸ்ட் நைட்’ என்னும் கற்பனைத் தொடரின் தயாரிப்பு உதவியாளனாகிறான். அத்தொடரின் நாயகனும் ஒரு வாம்பயர் துப்பறிவாளனே. ‘ஃபாரெவர் நைட்’ தொடரை நினைவுபடுத்தும் இவ்வமைப்பைப் பகடியாகக் கொள்வதற்கு இடமுண்டு. ஆயினும் தொடர்த் தயாரிப்பை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் பார்வை இதில் உள்ளதால், பகடி என்று மட்டும் சொல்லி இதனைக் கடந்துவிட இயலாது.

3. பெயரிடுவதில் உள்ள சிக்கல்

‘வாம்பயர்’ என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? வெகுசன வழக்கில் ‘இரத்தக்காட்டேரி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. பெயர்ப்பு எதிர்த்திசையிலும் நிகழ்ந்துள்ளது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை வாம்பயர் என்றே தலைப்பிட்டார். விக்கிரமாதித்தனின் தோளில் இருந்து கதை சொல்லிப் புதிர் போடும் வேதாளம் அவனுடைய குருதியைக் கேட்பதில்லை. அவனிடம் தீர்ப்பைக் கேட்கிறது. பிணத்தில் குடியிருப்பது என்ற ஒற்றுமை ஒன்றினாலேயே அது வாம்பயராக்கப்பட்டது.

காட்டேரியின் நிலை இதனினும் கவனத்துக்குரியது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் காட்டேரி அச்சுறுத்தும் ஆவியாக மட்டும் கருதப்படுவதில்லை; காட்டேரி அம்மன் சில குடும்பங்களுக்குக் குலதெய்வம். கருவுற்ற பெண்ணின் நலத்தோடு இணைத்துச் செய்யப்படும் காட்டேரி பூசையும் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கயானாவுக்குச் சென்ற தமிழரோடு காட்டேரியும் கடல் கடந்தாள். அங்குள்ள காளி வழிபாட்டில் அவளுக்கு இன்றும் இடமுண்டு. ரொறன்ரோவில் கயானாவிலிருந்து வந்த மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். ஒருவருக்குக் குலதெய்வமாக உள்ள பெயர் மற்றொருவருக்குத் திரைப்படக் கொடியவனின் பெயராக இருப்பது இந்நகரில் ஏட்டளவிலான சிக்கல் அன்று. அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு குழந்தைகள் ஒரே சொல்லைக் கேட்டு இருவேறு பொருள் கொள்ளும் நிலை அது. இக்காரணத்தால் இக்கட்டுரையில் வாம்பயர் என்னும் கடன்சொல்லே ஆளப்படுகிறது.

4. உண்போர், சிந்துவிப்போர்

எனினும் காட்டேரி வழிபாடு நமக்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. பலி பெறும் தெய்வத்துக்கும் அதனைப் படைப்போருக்கும் இடையே ஓர் உடன்பாடு உள்ளது. எப்போது, எங்கே, எவ்வளவு என்பன முன்பே வரையறுக்கப்பட்டவை. பெற்றுக்கொண்ட தெய்வம் காக்கக் கடமைப்பட்டது. குருதி உண்பது இங்கு உறவின் ஒரு கூறு.

கலிங்கத்துப்பரணி இதனை மற்றொரு கோணத்தில் காட்டுகிறது. செயங்கொண்டாரின் பேய்கள் பசித்துக் கிடப்பவை. காளியிடம் தம் பசியை முறையிடுபவை. போர் முடிந்தபின் பல் துலக்கி, நீராடி, களத்திலேயே கூழ் சமைத்துப் பகிர்ந்து உண்கின்றன. நூலில் அச்சத்தைவிட நகைச்சுவை மிகுந்த பகுதி இதுவே. ஆயின் அக்களத்தில் ஓர் உயிரையேனும் பேய்கள் கொல்லவில்லை. கொன்றது படை, அப்படையை ஏவியது அரசு. பரணி பாடப்பட்டது வென்ற வேந்தனின் புகழுக்காகவே என்பதில் ஐயமில்லை. இருப்பினும் உண்பவரையும் கொன்றவரையும் அது தனித்தனியே நிறுத்தியுள்ளதால், குருதிக்கு யார் பொறுப்பு என்னும் வினாவை எழுப்ப வாசகருக்கு வழி ஏற்படுகிறது. ஐரோப்பிய வாம்பயர் மரபிலோ, குறிப்பாக பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலிலோ, இவ்விரு செயல்களும் ஓருடலில் ஒன்றிவிடுகின்றன. உண்பவனே அழிப்பவன்; ஆகவே அவனை அழித்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஹஃப் இவ்வொன்றிப்பைத் தொடக்கத்திலேயே உடைக்கிறார். ‘பிளட் பிரைஸ்’ நாவலில் ரொறன்ரோவில் தொடர் கொலைகள் நிகழ்கின்றன. நாளிதழ்கள் வாம்பயர் மீது பழி சுமத்துகின்றன. உண்மையில் பூதம் ஒன்றை ஏவிக் கொலைகளை நிகழ்த்துபவன் ஒரு பல்கலைக்கழக மாணவன். பிறருடைய குருதிக்கு ஈடாக அவன் பெறுவன கணினி முதலிய நுகர்பொருள்கள். உண்மையான வாம்பயராகிய ஹென்றியோ கொல்லாமல், இணங்கியோரிடமிருந்து சிறிதளவே உண்பவன். தன் எல்லையைக் காப்பவன். தன்னைச் சார்ந்தோரைக் காக்கும் கடப்பாடு உடையவன். ஸ்டோக்கரின் கோமகனைவிட எல்லைத் தெய்வங்களுக்கே அவன் நெருங்கியவன். ஹஃப் தமிழ் மரபை அறிந்து எழுதினார் என்பது இதன் பொருளன்று. உண்பவரையும் சிந்துவிப்பவரையும் பிரித்துப் பார்க்கும் எந்த எழுத்தும் வந்து சேரும் இடத்தில், நம் மரபு முன்னரே நிற்கிறது என்பதே பொருள்.

5. திரைக்குப் பின்னால்

‘ஸ்மோக் அண்ட் ஷாடோஸ்’ இப்பிரிவினையைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கொண்டுசெல்கிறது. தளத்தில் ஒரு நடிகை இறந்து கிடக்கிறாள். வேற்றுலகம் ஒன்றிலிருந்து திறந்த வாயில் வழியே நிழல்கள் உள்ளே வந்து, தளத்தில் பணிபுரிவோரின் உடல்களில் புகுந்து அவர்களை ஆள்கின்றன. அதனை முதலில் கண்டுகொள்பவன் டோனி. இயக்குநரும் நடிகர்களும் காணாததை அவன் காண்பதற்கு மந்திர ஆற்றல் மட்டும் காரணமன்று. வாக்கி-டாக்கியைச் சுமந்து, நடிகரை அழைத்து வந்து, தேநீர் முதல் கம்பிவடம் வரை எல்லாவற்றுக்கும் ஓடுபவன் அவன். எவர் எங்கு நிற்க வேண்டும், எவ்விளக்கின் நிழல் எங்கு விழ வேண்டும் என்பதை அறிந்திருப்பது அவனுடைய வேலை. விழக்கூடாத இடத்தில் விழுந்த நிழல், அப்பணி செய்பவன் கண்ணுக்கே முதலில் தவறாகத் தெரியும். தொழிலறிவையே மெய்யறிவாக மாற்றும் இவ்வமைப்பு நாவலின் தலைசிறந்த கூறு.

இரண்டாவது கூறு நேரம் பற்றியது. உலகுக்கு ஆபத்து நேர்ந்துள்ள வேளையிலும் டோனி மறுநாள் குறித்த நேரத்தில் தளத்துக்கு வந்தாக வேண்டும், படப்பிடிப்பு நிற்பதில்லை. வாசகருக்கு இது நகைச்சுவையாகவே தொடங்குகிறது. பக்கங்கள் செல்லச் செல்ல, நிழல் புகுந்த உடலுக்கும் இரவு பகலாக உழைத்துக் களைத்த உடலுக்கும் வேறுபாடு காண்பது அரிதாகிறது. தன்னை மறந்து, பிறர் ஏவியதைச் செய்து, பின்னர் நினைவின்றி நிற்கும் ஊழியரைக் கண்டு எவரும் வியப்பதில்லை.

மூன்றாவது கூறு இரு வாம்பயர்களின் எதிர்நிலை. திரையில் வாம்பயராகத் தோன்றும் நடிகர் தற்பெருமை மிக்கவர்; அவர் வசதிக்காகப் பலர் ஓடுகின்றனர். உண்மையான வாம்பயரோ கேட்டுப் பெறுபவன். பிறர் உழைப்பை அளவின்றி எடுத்துக்கொள்பவர் யார் என்னும் வினாவுக்கு நாவல் தன் கதையமைப்பாலேயே விடை கூறுகிறது.

ஆயினும் ஆசிரியர் இவ்விடையை முடிவு வரை கொண்டுசெல்லவில்லை. நிழல்கள் வேற்றுலகத்துக் கொடுங்கோலன் ஒருவன் ஏவியவை. அவ்வுலகிலிருந்து தப்பி வந்து, தொடரின் சிறப்புக் காட்சி உத்திகளுக்குப் பொறுப்பாக இருக்கும் மந்திரக்காரி ஒருத்தியே அவற்றை அறிந்தவள். தயாரிப்பாளர் கடுமையாகப் பேசுபவர். ஆனால் தீமையின் ஊற்று அவரோ அவருடைய நிறுவனமோ அன்று. வாயில் மூடப்பட்டதும் தளம் பழைய தளமாகிவிடுகிறது. டோனி வேலைக்குத் திரும்புகிறான். ‘பிளட் பிரைஸ்’ நாவலில் கொலைகளின் ஊற்றை நகரத்துக்குள்ளேயே, நுகர்பொருள் விழைந்த ஒரு மனிதனிடம் கண்ட ஆசிரியர், தாம் நன்கறிந்த தொழிலை எழுதும்போது அவ்வூற்றை வேற்றுலகுக்கு மாற்றிவிட்டார். உண்பவரை விடுவித்த நாவல், சிந்துவிப்பவரையும் விடுவித்துவிடுகிறது. இது அதன் குறை.

6. பேயில்லாத நிழல்கள்

நிழல்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினாவை இந்நாவலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே தமிழ் நாவல் ஒன்று எழுப்பியிருந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ (1969) திரைப்படத் துறையின் உட்புறத்தைக் களமாகக் கொண்டது. தயாரிப்பு நிர்வாகி நடராஜன், தயாரிப்பாளர் ரெட்டியார், உதவி இயக்குநர்கள் என ஒவ்வோர் அத்தியாயத்திலும் கவனம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நகர்கிறது. எவரும் நாயகராக நிலைப்பதில்லை. படம் நின்றுபோகும்போது அதில் பணிபுரிந்தோர் கதையிலிருந்து விலகிவிடுகின்றனர். அவர்களுக்குப் பின்னர் நேர்ந்தவை பிறருடைய பேச்சின் இடையே ஓரிரு சொற்களில் மட்டுமே தெரியவருகின்றன.

இதில் பேயில்லை, மந்திரமில்லை. ஆனால் மனிதர் நிழலாகிக் கரைகின்றனர். கரைவதற்குக் காரணம் வேற்றுலகம் அன்று. கடன், வட்டி, நடிகையின் கால்ஷீட், நாள் வாடகை ஆகியவை பின்னிய வலை. ரெட்டியாரையும் அவ்வலை விழுங்குகிறது என்பதால் தனியொருவரைக் கொடியவராக்கி ஆறுதல் பெறவும் வாசகருக்கு வழியில்லை. ஹஃப்பின் நாவலில் வாயிலை மூட முடிகிறது. அசோகமித்திரன் காட்டும் உலகில் மூடுவதற்கு வாயில் ஒன்றில்லை.

இவ்வொப்பீடு ஹஃப்பைத் தாழ்த்துவதற்கன்று. அசோகமித்திரனிடம் இல்லாத ஒன்று ஹஃப்பிடம் உண்டு: கடைநிலை ஊழியன் தன் கண்ணால் கண்டதை நம்பி எதிர்த்துச் செயற்படும் வாய்ப்பு. நடராஜனின் தொழில்திறன் அவரைக் காப்பதில்லை. டோனியின் தொழில்திறனோ மற்றவர்களையும் காக்கிறது.

7. தமிழ்த் தொடர்களில் விடுபட்ட களம்

இவ்விரு போக்குகளும் தமிழில் இன்னும் ஒன்றோடொன்று சந்திக்கவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் கதையில், நாகா இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து 1990களில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘மர்மதேசம்’ தமிழ்த் தொடர்களில் அமானுடத்துக்கு உயர்ந்த இடம் பெற்றுத் தந்தது. அதன் ‘விடாது கருப்பு’ பகுதி கருப்புசாமியை மையமாக்கி, நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையிலான இழுபறியைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்த்தியது. காவல் தெய்வம் தண்டிப்பதும் காப்பதும் அத்தொடரால் புலம்பெயர்ந்த இல்லங்களிலும் பேசுபொருளாயின. பின்வந்த அமானுடத் தொடர்களும் பெரும்பாலும் கோயில், அரண்மனை, பழைய வீடு, பாம்பின் புற்று ஆகிய களங்களையே நாடின. அத்தொடர்களை உருவாக்கும் தளம் மட்டும் அச்சத்துக்குரிய களமாக அமையவில்லை.

அத்தளத்தில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை என்பது இதன் காரணமாக இருக்க முடியாது. 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை அடுத்த ஒரு திரைப்படத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து விழுந்ததில் மூவர் உயிரிழந்தனர். திரைக்குப் பின்னால் பணிபுரிந்தோரின் பெயர்களைப் பொதுமக்கள் அறிய நேர்ந்த அரிய தருணம் அவர்களின் மறைவாக இருந்தது. மர்மத்தைத் தேடித் தொலைதூரச் சிற்றூருக்குச் செல்லும் தமிழ்த் தொடர் தன் சொந்தத் தளத்தை மட்டும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்துக்கொள்கிறது. சிற்றூர் மக்களின் தெய்வங்களை அச்சப் பொருளாக்கும் இவ்வழக்கமும், காட்டேரியைக் கொடிய வாம்பயராகப் பெயர்க்கும் வழக்கமும் ஒரே வேரின. இரண்டிலும் குருதி பெறும் எளிய தெய்வம் ஐயத்துக்குள்ளாகிறது. குருதி சிந்துவிக்கும் அமைப்பு தப்பிவிடுகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன மூன்று. ஒன்று, ஹஃப்பின் நாவல் உண்பவரையும் சிந்துவிப்பவரையும் பிரித்துக் காட்டுவதால், ஐரோப்பிய வாம்பயர் மரபைவிடப் பரணிக்கும் பலிபெறும் தெய்வங்களின் மரபுக்கும் நெருங்கி நிற்கிறது. இரண்டு, தொழில் சார்ந்த தீமையின் ஊற்றை வேற்றுலகுக்கு மாற்றுமிடத்தில் அது பின்வாங்குகிறது. அப்பின்வாங்கலை அளந்தறிய ‘கரைந்த நிழல்கள்’ ஏற்ற அளவுகோல். மூன்று, வாம்பயர் என்பதற்கு இரத்தக்காட்டேரி என்னும் பெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரும் அகராதியாளரும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். மக்கள் வழிபடும் ஒரு பெயரை அவர்கள் அறியாமலே இழிவுப்பொருள் ஏற்றுவது மொழிப்பணி ஆகாது.

ரொறன்ரோ பொது நூலகத்தின் மெரில் தொகுப்பு அறிபுனை, மிகுபுனை நூல்களுக்கெனவே பேணப்படுவது. தமிழியல் ஆய்வாளர் அங்கு செல்வதற்கும், அங்கு வாசிக்கும் தமிழ் மாணவர் பரணியையும் அசோகமித்திரனையும் நாடுவதற்கும் இவ்வொப்பீடு ஒரு வழியைக் காட்டுமாயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும். அவ்வழியே என்றேனும் தமிழில் ஒரு தொடர், தன்னை உருவாக்கும் தளத்தின் விளக்குகளுக்குக் கீழே விழும் நிழல்களைக் கதையாக்கக் கூடும். அன்று காட்டேரியும் கருப்பும் அத்தளத்துக்குள் வந்தால், விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பவருக்குக் காவலாகவே வருவர் என நம் மரபைக் கொண்டு எதிர்பார்க்கலாம்.